தையல் பிரிச்சாச்சு, நடை திரும்பிடுச்சா?



2023 மார்ச் 31, அகமதாபாத். அந்த வருஷ ஐபிஎல்லோட முதல் மேட்ச், சென்னை சூப்பர் கிங்ஸும் குஜராத் டைட்டன்ஸும். ருதுராஜ் கெய்க்வாட் தூக்கி அடிச்ச பந்தை எல்லைக்கோட்டுப் பக்கத்துல எகிறிக் குதிச்சுத் தடுத்தார் கேன் வில்லியம்சன். சிக்ஸர் போகலை. ஆனா கீழே இறங்கினப்போ வலது முட்டி போயிடுச்சு. அன்னைக்கு அவருக்குப் பதிலா பேட்டிங்குக்கு வந்தது நம்ம சாய் சுதர்சன்தான், ஞாபகம் இருக்கலாம். ஸ்கேன்ல ஏசிஎல் கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சது. ஏப்ரல் மாசம் ஆபரேஷன். அப்புறம் அவர் சர்வதேச மேட்ச்சுக்குத் திரும்பினது அதே வருஷம் அக்டோபர் 13, உலகக் கோப்பையில, நம்ம சேப்பாக்கத்துல, பங்களாதேஷுக்கு எதிரா. 78 ரன் எடுத்துட்டுப் பாதியில வெளியே போனார். அதுவும் கட்டைவிரல்ல பந்து பட்டதால, முட்டியால இல்லை.

டிவியில நாம பார்த்தது இந்த ரெண்டு நாளை மட்டும்தான். நடுவுல ஆறு மாசத்துக்கு மேல இருக்கு. ஏசிஎல் ஆபரேஷன் செஞ்ச யாரா இருந்தாலும், அந்த இடைவெளியில முதல் வேலை பேட் பிடிக்கிறதோ பந்து உதைக்கிறதோ இல்லை. நடக்கப் பழகறதுதான்.

"இதென்ன, நடக்கிறதுக்குப் போய் பழகணுமா?"ன்னு தோணும். உங்க ஹாஸ்டலையே யோசிச்சுப் பாருங்க. கபடியிலயோ ஃபுட்பால்லயோ முட்டி போய், ஆபரேஷன் செஞ்சுக்கிட்டு வந்த ஒரு ஆளாவது இருப்பாங்க. தையல் பிரிச்சாச்சு, ஊன்றுகோலை ஓரமா வெச்சாச்சு, மெஸ்ஸுக்குத் தானா நடந்து வர்றாங்க. இன்டர்னல்ஸ், லேப் ரெக்கார்டுன்னு பிசியோதெரபிக்குப் போறது நின்னு போச்சு. கேட்டா, "நல்லாத்தான் நடக்கிறேனே"ங்கிற பதில் வரும். அந்த நடை உண்மையிலேயே நல்லா இருக்கா, இல்லைன்னா என்ன ஆகும்னு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முட்டிக்குள்ள ஒரு ஃபோர் பார் மெக்கானிசம்

தொடை எலும்போட கீழ்முனை உருண்டையா இருக்கும். அது உட்கார்ற கணைக்கால் எலும்போட மேல்பக்கம் கிட்டத்தட்ட தட்டை. தட்டு மேல பந்து வெச்ச மாதிரிதான் அமைப்பு. நழுவாம பிடிச்சு வைக்கிற வேலையை லிகமென்ட்கள் செய்யுது. அதுல ரெண்டு, மூட்டுக்கு நடுவுல பெருக்கல் குறி மாதிரி ஒன்னை ஒன்னு குறுக்க வெட்டிப் போகும். முன்பக்கம் உள்ளது ஏசிஎல், பின்பக்கம் உள்ளது பிசிஎல்.

கினிமேட்டிக்ஸ் ஆஃப் மெஷினரி படிச்சவங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. ரெண்டு எலும்பு, ரெண்டு லிகமென்ட் சேர்ந்தா அது ஒரு குறுக்கு ஃபோர் பார் மெக்கானிசம். முட்டியைக் கதவுக் கீல் மாதிரி நினைக்கிறோம். ஆனா கீலுக்கு அச்சு ஒரே இடத்துல இருக்கும். முட்டியில அந்தச் சுழற்சி மையம் மடக்க மடக்க நகர்ந்துகிட்டே போகும். தொடை எலும்பு உருளவும் செய்யும், வழுக்கவும் செய்யும். ஏசிஎல் அறுந்தா நாலு பார்ல ஒன்னு போச்சு. அப்புறம் கணைக்கால் எலும்பு முன்பக்கமா நழுவ ஆரம்பிக்கும், முட்டி திரும்பும்போது பிடி விட்டுப் போகும்.

இந்த ஏசிஎல் சுமார் 3 செ.மீ. நீளம், நம்ம சுண்டுவிரல் பருமன். ஆனா பலம் லேசுப்பட்டது இல்லை. 1991ல வெளியான ஓர் ஆய்வுல, இறந்த இளவயதுக்காரர்களோட முட்டிகளை இழுவைச் சோதனை செஞ்சு பார்த்தாங்க. சராசரியா 2160 நியூட்டன் வரை தாங்கிச்சு. கிட்டத்தட்ட 220 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. இவ்வளவு பலமுள்ளது எப்படி அறுகிறது? ஓடிக்கிட்டே டக்குன்னு நின்னு திரும்பும்போது, இல்லை குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கமா சாயும்போது. பத்துல ஏழு ஏசிஎல் காயம் யாரும் வந்து மோதாமலேயே நடக்குது.

ஒரே ஒரு அடியில நடக்கிறது

இப்போ எழுந்து நாலு அடி நடங்க. முட்டியை மட்டும் கவனிங்க.

குதிகால் தரையைத் தொடும்போது முட்டி கிட்டத்தட்ட நேரா இருக்கும். அடுத்த நொடிக்குள்ள உடம்பு எடை அந்தக் கால் மேல ஏறும். அப்போ முட்டி 15 முதல் 20 டிகிரி வரை மடங்கும். இது உங்க பைக்கோட ஷாக் அப்சார்பர் மாதிரி. முன்தொடையில இருக்கிற குவாட்ரிசெப்ஸ் தசை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே மெதுவா விட்டுக்கொடுக்கும். பிறகு முட்டி திரும்ப நிமிரும், உடம்பு அதுக்கு மேல தாண்டிப் போகும், கால் தரையை விட்டு எழும். காற்றுல வீசும்போது 60 டிகிரி வரை மடங்கி, மறுபடி நேராகி அடுத்த அடி. ஒரு சுற்றுல சுமார் 60 சதவீத நேரம் கால் தரையில, 40 சதவீதம் காற்றுல.

தரையில ஃபோர்ஸ் பிளேட்னு ஒரு தட்டைப் பதிச்சு அளந்தா, தரை நம்மளைத் திருப்பித் தள்ளுற விசை ரெண்டு திமில் ஒட்டகம் மாதிரி கிராஃப் தரும். எடை ஏறும்போது ஒரு திமில், தரையைத் தள்ளிக் கிளம்பும்போது இன்னொன்னு. சாதாரண வேகத்துல ஒவ்வொன்னும் உடம்பு எடையைவிடப் பத்து சதவீதம் போல அதிகம்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உங்க எடை 60 கிலோன்னு வெச்சுக்குங்க. முதல் திமில்ல விசை சுமார் 650 நியூட்டன். அந்த விசை முட்டி மையத்துக்கு 5 செ.மீ. பின்னாடி போகுதுன்னா, முட்டியை மடக்கப் பார்க்கிற மொமென்ட் 650 × 0.05, அதாவது 32 நியூட்டன் மீட்டர் போல. இதை எதிர்க்கணும்னா குவாட்ரிசெப்ஸ் இழுக்கணும். அதுக்குக் கிடைக்கிற நெம்புகோல் தூரம் 4 செ.மீ. அளவுதான். 32ஐ 0.04ஆல வகுங்க, 800 நியூட்டன். தரை தர்ற 650ஐயும் கூட்டினா முட்டிக்குள்ள எலும்பும் எலும்பும் அழுந்துற விசை 1450 நியூட்டன். உடம்பு எடையைப் போல ரெண்டரை மடங்கு!

ரொம்ப எளிமைப்படுத்தின கணக்குதான். ஆனா செயற்கை முட்டிக்குள்ளேயே சென்சார் வெச்சு, நடக்கும்போது அளந்து பார்த்தவங்களுக்கும் ரெண்டு முதல் மூணு மடங்குதான் கிடைச்சிருக்கு. இந்தக் கணக்குல இருந்து ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்குங்க. முட்டி மேல ஏறுற சுமையில பெரிய பங்கு நம்ம எடை இல்லை, நம்ம தசையே இழுக்கிற இழுப்பு. அதனால முட்டியைக் காப்பாத்தணும்னு உடம்பு முடிவு பண்ணினா, அது கை வைக்கிற முதல் இடம் குவாட்ரிசெப்ஸ்தான்.

உடம்பு போடுற தற்காலிக பேட்ச்

ஏசிஎல் அறுந்த முட்டியில, கால் கிட்டத்தட்ட நேரா இருக்கும்போது குவாட்ரிசெப்ஸ் பலமா இழுத்தா கணைக்கால் எலும்பு முன்னாடி நழுவும். அதைத் தடுக்க ஏசிஎல் இல்லை. ரெண்டு தடவை முட்டி வழுக்கினதுமே மூளைக்குப் புரிஞ்சிடும். இனிமே இந்தத் தசையைக் கொஞ்சமா பயன்படுத்துவோம்னு அது நடையையே மாத்திடும். குதிகால் ஊனினதும் 18 டிகிரி மடங்க வேண்டிய முட்டி, விறைப்பா அதைவிடக் குறைவா மடங்கும். மொமென்ட் குறையும், குவாட்ரிசெப்ஸ் வேலையும் குறையும். 1990ல இதை அளந்து சொன்ன அமெரிக்க ஆய்வாளர்கள் இதுக்கு வெச்ச பேரே 'குவாட்ரிசெப்ஸைத் தவிர்க்கும் நடை'. எல்லாருக்கும் ஒரே அளவுல வர்றதில்லை. ஆனா விறைச்ச முட்டி ரொம்பப் பொதுவான அடையாளம்.

இது போதாதுன்னு இன்னொன்னும் நடக்கும். முட்டிக்குள்ள நீர் கோத்து வீங்கினா, மூட்டுல இருந்து போற நரம்புச் செய்திகள் தண்டுவடத்துலயே குவாட்ரிசெப்ஸுக்குப் போற கட்டளையைத் தடுத்துடும். நல்லா இருக்கிற முட்டிக்குள்ள வெறும் உப்பு நீரைச் செலுத்திப் பார்த்த சோதனைகள்லயே குவாட்ரிசெப்ஸ் மங்கிப் போச்சு. வலியே தேவையில்லை, வீக்கம் போதும். அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் பிசியோ வந்து "தொடையை இறுக்குங்க"ன்னு சொன்னா, எவ்வளவு முக்கினாலும் தசை அசையாது. சோம்பேறித்தனம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மோட்டார் நல்லாத்தான் இருக்கு, சப்ளை லைன்தான் கட் ஆகியிருக்கு.

ஆபரேஷன் எதைச் சரி செய்யும்?

ஏசிஎல் முழுசா அறுந்தா பொதுவா அதைத் தைச்சு ஒட்டுறது இல்லை. உங்க உடம்புல இருந்தே வேற ஒரு நாரை எடுத்து அந்த இடத்துல வைப்பாங்க. பின்தொடையில இருக்கிற ஹாம்ஸ்ட்ரிங் நாராவோ, முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கிற நாராவோ, குவாட்ரிசெப்ஸோட நாராவோ இருக்கலாம். ரெண்டு எலும்புலயும் துளை போட்டு, அது வழியா இழுத்துப் பொருத்துவாங்க. அறுந்த பார் திரும்ப வந்தாச்சு, மெக்கானிசம் ரெடி.

ஆனா ரெண்டு விஷயம் திரும்ப வர்றதில்லை.

ஒன்னு, சென்சார். ஏசிஎல் வெறும் கயிறு இல்லை. முட்டி எந்தக் கோணத்துல இருக்கு, எவ்வளவு இழுபடுதுன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு முனைகள் அதுக்குள்ள இருக்கு. புதுசா வெச்ச நாருக்கு அது அப்படியே கிடையாது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாஷையில சொன்னா ஃபீட்பேக் லைன்ல ஒன்னு போச்சு. மீதி இருக்கிற சென்சார்களை வெச்சு லூப்பைத் திரும்ப ட்யூன் பண்ணணும். அந்த ட்யூனிங்கைக் கத்தியால செய்ய முடியாது, பயிற்சியாலதான் முடியும்.

ரெண்டாவது, பழக்கம். காயம் பட்ட நாள்ல இருந்து ஆபரேஷன் வரைக்கும் சில வாரமோ சில மாசமோ நீங்க விறைச்ச முட்டியோடதான் நடந்தீங்க. மூளை போட்ட அந்தத் தற்காலிக பேட்ச், புது நார் வந்ததும் தானா அன்இன்ஸ்டால் ஆகாது.

புது நாரைப் பத்தியும் ஒரு எச்சரிக்கை. எடுத்து வெச்ச நாருக்கு ஆரம்பத்துல ரத்த ஓட்டம் கிடையாது. உள்ளே இருக்கிற செல்கள் செத்து, புது ரத்தக்குழாய் வளர்ந்து, மெல்ல மெல்ல அது லிகமென்ட் மாதிரி மாறணும். இந்த மாற்றத்துக்கு நடுவுல, 6 முதல் 12 வாரம் ஆகிற காலத்துல, வெச்ச அன்னைக்கு இருந்ததைவிட நார் பலவீனமா இருக்கும்னு விலங்குகள்ல செஞ்ச ஆய்வுகள் காட்டுது. காலண்டரைப் பாருங்க, சரியா அப்போதான் வலி போயிருக்கும், வீக்கம் வடிஞ்சிருக்கும், "சும்மா ரெண்டு ரவுண்டு ஓடிப் பார்க்கலாமா?"ன்னு கால் பரபரக்கும்.

கண்ணுக்குத் தெரியாத நொண்டல்

மூணாவது மாசத்துல நீங்க காலைத் தாங்கித் தாங்கி நடக்க மாட்டீங்க. பார்க்கிறவங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனா மோஷன் கேப்சர் கேமராவும் ஃபோர்ஸ் பிளேட்டும் இருக்கிற லேப்ல நடக்கவிட்டா தெரியும். ஆபரேஷன் ஆன முட்டி சில டிகிரி குறைவா மடங்குது. மொமென்ட் குறைவு. பாரத்தை இடுப்பும் அடுத்த காலும் பங்கு போட்டுக்குது. ஆறு மாசம் தாண்டியும், சிலருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் இந்த வித்தியாசம் இருக்குன்னு பல ஆய்வுகள் சொல்லுது. விளையாட்டுக்குத் திரும்பின வீரர்களும் இதுல அடக்கம்.

"சில டிகிரிதானே?" அடுத்த கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு 5000 அடி நடக்கிறீங்க. ஹாஸ்டல், கிளாஸ், மெஸ், கேண்டீன்னு சுத்தினாலே வந்துடும். ஒரு காலுக்கு 2500. மாசத்துக்கு 75,000. ஆறு மாசத்துக்கு நாலரை லட்சம். பிசியோ ரூம்ல காலையில நீங்க செய்யிற மூணு செட், பத்து ரெப் ஒரு பக்கம். தப்பான நடையில தினம் 2500 ரெப் இன்னொரு பக்கம். மூளை எதைக் கத்துக்கும்னு நீங்களே சொல்லுங்க.

தசைக்கும் இதே கதைதான். குவாட்ரிசெப்ஸ் பலவீனமா இருக்கு, அதனால முட்டி விறைப்பா நடக்குது. விறைப்பா நடக்கிறதால அந்தத் தசைக்கு வேலையே வர்றதில்லை, அதனால இன்னும் பலவீனம். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துலயும் அடுத்த காலைவிட 20 சதவீதம் பலம் குறைவா இருக்கிறது ரொம்ப சாதாரணம். அதே சமயம், ஜிம்ல தசையை ஏத்திட்டா மட்டும் நடை தானா சரியாகும்னும் சொல்ல முடியாது. பலம் வந்த பிறகும் பழைய நடையிலேயே போறவங்க இருக்காங்க. ரெண்டையும் தனித்தனியா கவனிக்கணும்.

இப்போ ரொம்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். முட்டிக்குச் சுமை குறைஞ்சா நல்லதுதானே, தேய்மானம் குறையுமேன்னு தோணும். பேரிங்குக்கு அது சரி. முட்டிக்கு அது தப்பு. எலும்பு முனையை மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. ஸ்பாஞ்சை அழுத்தி விடுற மாதிரி, ஒவ்வொரு அடியிலும் அழுந்தி விடுபடும்போதுதான் அதுக்குள்ள திரவம் போய் வந்து சத்து சேருது. எந்த இடத்துல எவ்வளவு சுமை வழக்கமா வருதோ, அதுக்கு ஏத்த மாதிரி அது வளர்ந்தும் இருக்கு. நடை மாறினா சுமை குறையும், விழுற இடமும் மாறும்.

அமெரிக்காவுல டெலாவேர் பல்கலைக்கழகத்துல 2016ல வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டிச்சு. சின்னக் குழுதான், ஆனா யோசிக்க வைக்கிற முடிவு. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வருஷத்துல எக்ஸ்ரேயில மூட்டுத் தேய்மானம் தெரிஞ்சவங்க யாருன்னு பார்த்தா, ஆறாவது மாசத்துல நடக்கும்போது அந்த முட்டியில குறைவா பாரம் போட்டவங்க. பொத்திப் பொத்தி வெச்ச முட்டிதான் சீக்கிரம் தேய்ஞ்சிருக்கு.

ஏசிஎல் காயம் பட்டவங்கள்ல பாதிப் பேர் போல 10 முதல் 20 வருஷத்துக்குள்ள மூட்டுத் தேய்மானத்துக்கு வந்துடறாங்கன்னு ஒரு மதிப்பீடு உண்டு. நடை மட்டும் அதுக்குக் காரணம் இல்லை, காயத்தோட சேர்ந்து கிழியிற மெனிஸ்கஸும் பெரிய காரணம். ஆனா 20 வயசுல காயம் பட்டவங்களுக்கு 20 வருஷம் கழிச்சு வயசு 40தான். தாத்தா பாட்டிக்கு வர்ற முட்டி வலி, குழந்தையை ஸ்கூல் வேன்ல ஏத்திவிடுற வயசுல வரும். இதுல நம்ம கையில இருக்கிற சில விஷயங்கள்ல நடையும் ஒன்னு.

நடையைத் திரும்பக் கத்துக்கிறது

இதுக்குன்னு பெரிய மெஷின் தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையும் தேவை. சர்ஜனும் பிசியோவும் சொல்றபடிதான் செய்யணும், அதுவும் மெனிஸ்கஸையும் தைச்சிருந்தா பாரம் போடுறதுல கட்டுப்பாடு இருக்கும். பொதுவான வரிசை இது.

முதல்ல வீக்கத்தை வடிய வைக்கணும். ஐஸ், காலை உயர்த்தி வைக்கிறது, அளவா நடக்கிறது. வீக்கம் இருக்கிற வரைக்கும் குவாட்ரிசெப்ஸ் லைன் கட்டாகித்தான் இருக்கும்.

கூடவே, முட்டியை முழுசா நேராக்கணும். எல்லாரும் எவ்வளவு மடக்க முடியுதுன்னு பார்க்கிறாங்க. நடைக்கு அதைவிட முக்கியம் எவ்வளவு நிமிருதுங்கிறது. அஞ்சு டிகிரி நிமிராம போனாக்கூட நீங்க எப்பவும் மடங்கின முட்டியோடதான் நடப்பீங்க. குதிகாலுக்குக் கீழே சுருட்டின துண்டை வெச்சு, முட்டியைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறது சலிப்பான வேலைதான். ஆனா இதைத் தள்ளிப் போட்டா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம். படுக்கும்போது முட்டிக்கு அடியில தலையணை வைக்காதீங்க. சுகமா இருக்கும், முட்டி மடங்கினபடியே இறுகிடும்.

பிறகு குவாட்ரிசெப்ஸை எழுப்பணும். தொடையை இறுக்கிப் பிடிக்கிறது, காலை நேரா வெச்சுத் தூக்கிறது. தூக்கும்போது முட்டி கொஞ்சமும் தொய்யக் கூடாது. தசை கேட்கலைன்னா மின்தூண்டல் கருவி வெச்சுச் சுருங்க வைப்பாங்க.

ஊன்றுகோலை விடுறதுலதான் நிறைய பேர் அவசரப்படறாங்க. ரெண்டு ஊன்றுகோலோட சரியா நடக்கிறது, ஊன்றுகோல் இல்லாம தாங்கித் தாங்கி நடக்கிறதைவிட எவ்வளவோ மேல். நொண்டாம நடக்க முடிஞ்ச பிறகுதான் விடணும். இல்லைன்னா தினம் 2500 தடவை நொண்டக் கத்துக்கறீங்க.

அடுத்தது நடையையே பயிற்சியா செய்யிறது. குதிகால் முதல்ல ஊனணும், முட்டி லேசா மடங்கி பாரத்தை வாங்கணும், பிறகு நிமிர்ந்து, முன்பாதத்தால தள்ளிக் கிளம்பணும். கண்ணாடி முன்னாடியோ டிரெட்மில்லயோ மெதுவா நடக்கலாம். ஃபோன்ல மெட்ரோனோம் ஆப் போட்டு, டிக் சத்தத்துக்கு ஒரு அடின்னு ரெண்டு காலுக்கும் ஒரே நேரம் கொடுக்கலாம். "முட்டியை மடக்கு, மடக்கு"ன்னு முட்டியையே நினைக்கிறதைவிட, "தரையைப் பின்னாடி தள்ளு"ன்னு வெளியே கவனத்தை வெச்சா உடம்பு சீக்கிரம் கத்துக்கும்.

கடைசியா கவனத்தைக் கலைச்சுப் பார்க்கணும். தனியா கவனமா நடக்கும்போது எல்லாரும் அழகா நடப்பாங்க. பேசிக்கிட்டே நடந்தா, 100ல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே நடந்தா பழைய நொண்டல் எட்டிப் பார்க்கும். கபடியில எதிரணி ஆளைப் பார்ப்பீங்களா, உங்க முட்டியைப் பார்ப்பீங்களா? நடை முட்டியை மறந்து நடக்கிறதா மாறணும்.

ரூம்ல நீங்களே பார்க்கலாம்

இதெல்லாம் பிசியோவோட பரிசோதனைக்கு மாற்று இல்லை. ஆனா "நல்லாத்தான் நடக்கிறேன்"ங்கிறதைச் சோதிச்சுப் பார்க்க உதவும்.

* சத்தம்: ராத்திரி ஆள் இல்லாத வராண்டாவுல செருப்புப் போட்டு நடங்க. கண்ணை மூடிக்கிட்டு நண்பரைக் கேட்கச் சொல்லுங்க. டக்–டக், டக்–டக்னு ஜோடி ஜோடியா கேட்டா ரெண்டு காலுக்கும் நேரம் ஒன்னா இல்லை.
* ரெண்டு எடை மெஷின்: ஒவ்வொரு காலுக்குக் கீழேயும் ஒன்னு வெச்சு, நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்திருங்க. நண்பர் ரெண்டையும் வீடியோ எடுக்கட்டும். எழும்போது எந்தக் கால் ஏமாத்துதுன்னு தெரிஞ்சிடும்.
* ஸ்லோ மோஷன்: ஃபோனை முட்டி உயரத்துல, பக்கவாட்டுல வெச்சு நடையை எடுங்க. கினோவியா மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல முட்டிக் கோணத்தை அளக்கலாம். ஒரு எச்சரிக்கை, இதுல வர்ற பிழையே சில டிகிரி இருக்கும், நீங்க தேடுற வித்தியாசமும் சில டிகிரிதான். அதனால பத்து அடியாவது எடுத்துச் சராசரி பாருங்க.
* படிக்கட்டு: ஏறும்போது இல்லை, இறங்கும்போது கவனிங்க. ஆபரேஷன் ஆன கால் மேல படியில இருந்து உடம்பை மெதுவா இறக்குதா, இல்லை தொப்புன்னு போடுதா?

கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல்ல சீழ் வந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.

எப்போ கிரவுண்டுக்கு?

"எத்தனை மாசம்?"னுதான் எல்லாரும் கேட்கிறாங்க. மாசம் ஒரு பாதி பதில்தான். நார்வேயும் டெலாவேரும் சேர்ந்து செஞ்ச ஆய்வு 2016ல வந்தது. திரும்பி ஆடுறதை ஒன்பதாவது மாசம் வரை தள்ளிப் போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும், முட்டியில மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் பாதியா குறைஞ்சது. அதனால ஒன்பது மாசம்ங்கிறது இப்போ பரவலா சொல்ற குறைந்தபட்சம். அதோட, ஆபரேஷன் ஆன காலோட பலமும் ஒற்றைக்கால் தாவலும் அடுத்த காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது வரணும். இதுல ஒரு பொறி இருக்கு. மாசக்கணக்கா ஓய்வெடுத்ததுல நல்ல காலும் இளைச்சிருக்கும். இளைச்ச காலோட ஒப்பிட்டு 90 வாங்கினா அது உண்மையான 90 இல்லை.

"வில்லியம்சன் ஆறரை மாசத்துல வந்தாரே?"ன்னு கேட்கலாம். அவர் கூட ஒரு முழு மருத்துவக் குழு இருந்தது, பேட்டிங்ல கபடி அளவுக்குத் திருப்பமும் மோதலும் இல்லை. இன்னொரு பக்கம், லிவர்பூலோட வர்ஜில் வான் டைக்கைப் பாருங்க. 2020 அக்டோபர்ல ஏசிஎல் காயம், திரும்ப ஆட வந்தது 2021 ஜூலை கடைசியில. நடுவுல வந்த யூரோ கோப்பையையே விட்டுக் கொடுத்தார். 25 வயசுக்குள்ள ஏசிஎல் ஆபரேஷன் செஞ்சு விளையாட்டுக்குத் திரும்பினவங்கள்ல நாலுல ஒருத்தருக்குப் போல மறுபடி ஏசிஎல் போகுது, அதே கால்லயோ அடுத்த கால்லயோ. ஒரு ஜோனல் மேட்ச்சுக்காக அந்த ரிஸ்க் எடுக்கலாமா?

உங்க டீம்ல யாராவது இப்போ ஊன்றுகோலோட இருந்தா, "எப்போடா ஆட வர்ற?"ன்னு கேட்காதீங்க. கேப்டன்களே, இது உங்களுக்கும்தான். "வா, நாலு ரவுண்டு நடந்துட்டு வரலாம்"னு கூப்பிடுங்க. பக்கத்துல நடந்துக்கிட்டே காலடிச் சத்தத்தைக் கேளுங்க. ரெண்டும் ஒரே மாதிரி கேட்கிற வரைக்கும் கூட நடங்க.

ஃபைனல் இயர் நண்பர்களுக்குக் கடைசியா ஒன்னு. தொடையில ஒன்னு, கணைக்கால்ல ஒன்னுன்னு ரெண்டு எம்பியு 6050 சென்சார், ஒரு ஈஎஸ்பி 32 போர்டு. முட்டி குறைவா மடங்கினா ஃபோன் அதிரணும். இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் செய்யிறதுக்குப் பதிலா இதை ப்ராஜெக்ட்டா எடுங்க. முதல்ல போட்டுப் பார்க்க ஆள் உங்க ஹாஸ்டல்லயே இருக்கலாம். பிசியோகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.